அறுபத்திரண்டாவது பை

மார்ச் மாதக் கடைசிச் சனி.
நியூசிலாந்தின் மானவாட்டுக் கரையில் காற்று
மேற்கிலிருந்து மணலை வாரி
ஆள் பார்த்து அடிக்கிறது.

காலையிலிருந்து நாற்பது பேர் குனிந்து அள்ளியது
அறுபத்திரண்டு பைகளாய்
வரிசையில் உட்கார்ந்திருக்கிறது,
நாலு மணி லாரிக்கு.
ஒற்றைச் செருப்புகள், வலைத் துணுக்குகள்,
யாரோ குளிக்கப்போய் மறந்த மூக்குக்கண்ணாடி.
சவரம் செய்த தாடை மாதிரி இருக்கிறது கரை.
எல்லோருக்கும் சந்தோஷம்.

ங்கைரிக்கு மட்டும் இல்லை.

(அவள் பெயரை எழுதும்போது கை தயங்குகிறது.
நம் நெடுங்கணக்கில் ங
சொல்லுக்கு முன்னால் வந்து நிற்பது அபூர்வம்.
சங்கு, பங்கு, நுங்கு என்று
க-வின் தோளைப் பிடித்தபடியே காலம் தள்ளும்.
ஙா, ஙி, ஙீ எல்லாம்
அரிச்சுவடியின் வாசற்படி தாண்டியதில்லை.
ஆனாலும் வேலையில்லாத எழுத்தென்று
யாரும் அதை அழித்துவிடவில்லை.
இங்கே ஒரு பெண்
அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள்.)

நகரவையின் மணல்மேடுகள் அவள் பொறுப்பு.
கட்டிய பைகளை ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறாள்.
"ஏன் கலைக்கிறீர்கள்?" என்கிறார்
டெஸ்மண்ட் பிராட்லி,
நாற்பது வருடம் பல் பிடுங்கி ஓய்ந்தவர்.
அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

கடைசிப் பையில் இருக்கிறது.
துருவேறிய மாட்டிறைச்சி டப்பா.
வாயோரம் தாறுமாறாய் நூல்கள்.
உள்ளே மிளகளவு கறுப்பு,
முதுகில் இழுத்த ஒற்றைச் சிவப்புக் கோடு.
பக்கத்தில் மூன்று முட்டைப் பைகள்,
ஊறிய ஜவ்வரிசி நிறத்தில்.

கட்டிபோ.
நம் காதுக்கு, வீட்டைக் கட்டிவிட்டுப் போகச் சொன்னது போலிருக்கும்.
அவள் மொழியில் இரவில் கொட்டுவது என்று பொருள்.
பெயர்தான் பெரிது.
இந்தக் கூட்டத்தில் கடிபட்டவர் யாரென்று கேட்டால்
ஒரு கையும் உயராது.

மணல் பறக்காமலிருக்கக் கப்பலில் கொண்டுவந்த புல்
மேடு முழுக்கப் பாய் விரித்துவிட்டது.
பூச்சி நடக்க வெற்று மணல் இல்லை,
பூச்சி நடக்காத இடத்தில் வலைக்கு என்ன வேலை?
பழைய பொன்னிறக் கோரை
ஒதுங்கி ஒதுங்கி ஏழு குத்தாய் நிற்கிறது.
அலை ஒதுக்கிய கட்டைகளைக்
கோடை விருந்துகளில் எரித்தாயிற்று.
மிச்சமிருந்தது
யாரோ தின்றுவிட்டு எறிந்த இந்த டப்பா.

"எங்கே எடுத்தீர்கள்?"
டெஸ்மண்ட் திரும்பிப் பார்க்கிறார்.
எல்லா மேடும் ஒரே மேடு.
ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினால்
எந்தத் தாடை, எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்.
மணலைப் படித்ததில்லை.

டப்பாவை இரு கையில் ஏந்தி நடக்கிறார்,
காற்றுக்கு முதுகைக் கொடுத்து.
இந்தப் புதரா, இல்லை.
அந்தக் கட்டையா, இல்லை.
பிறகு, ஒரு சரிவில்,
துரு வளையம் பதிந்த சிறு பள்ளம்.
பல் போன குழி.

பிடுங்கியதைத் திரும்ப வைக்கும்போது
அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அது வெளியே வரவில்லை.
உள்ளே இருக்கிறதா என்று
டார்ச் அடிக்கவும் ங்கைரி விடவில்லை.
"ஒரு பலகை நடலாமே, யாரும் தொடாமல்?"
"பலகை நட்டால் கால்கள் வரும்."

லாரிக்காரர் தாளில் எழுதிக்கொண்டார்:
பைகள் 62. திருப்பிக் கொடுத்தது: டப்பா 1.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.
கோடு போட்டுவிட்டார்.

அதற்கப்புறமும் சனிக்கிழமைகளில்
டெஸ்மண்ட் அந்தச் சரிவுக்குப் போனார்.
பத்தடி தள்ளியே நிற்பார்,
கைகள் இரண்டையும்
கால்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டு.
உள்ளே விரல்கள் துறுதுறுப்பது
துணிக்கு மேலேயே தெரியும்.

ஜூனில் பேரலை வந்து
மேட்டின் முன்பாதியை அள்ளிப்போனது.
டப்பா எந்தப் பாதியில் இருந்ததென்று
நான் அவரிடம் கேட்கவில்லை.
ங்கைரி முழங்காலிட்டுக் கோரை நட்டுக்கொண்டிருந்தாள்,
குத்துக்குக் குத்து
ஒரு சாண் வெறும் மணல் விட்டு.