பாதியில் நின்ற முள்

மூர்மான்ஸ்கில் டிசம்பர் பிறந்ததும்
சூரியன் கணக்கை முடித்துக்கொள்ளும்.
பிறகு நாற்பது நாள்
நண்பகல் என்பது நீலத்தில் ஒரு மணிநேரம்.
துறைமுகத்தில் நான் ஓட்டும் கிரேனுக்கு
அதுவும் தேவையில்லை.
நிலக்கரி இருட்டிலும் நிலக்கரிதான்.

இந்த வருஷம் ஒன்பது நாள் விடுப்பு மிச்சம்.
அலமாரி மேல்தட்டில்
பனிச்சறுக்குக் காலணிக்குப் பின்னால் ஸெனித்.
லென்சுக்கு மேலே தேனடை போலக் கண்ணாடி,
அதற்குள் செலினியம்.
பாட்டரி கேட்காது. வெளிச்சத்தைத் தின்று
அந்தத் தெம்பில் முள்ளைத் தூக்கும்.

சமையலறை விளக்குக்குச் சரியாகச் சொன்னது.
ஜன்னலுக்குச் சரி.
மெழுகுவத்திக்கு அசையவே இல்லை, அதுவும் சரி.
தக்காளி நாற்றுக்கு எரிக்கும் விளக்கைப்
பக்கத்துவீட்டு ஃபைனாவிடம் இரவல் வாங்கிக்
கிட்டத்தில் பிடித்தேன்.
முள் பாதி ஏறியது. நின்றது.
இன்னும் கிட்டே.
கண்ணாடி சுடும்வரை கொண்டுபோனேன்.
சம்பளம் எவ்வளவென்று கேட்டால்
பேச்சைப் பாதியில் நிறுத்துகிற ஆளைப்போல
அங்கேயே நின்றது.

அப்போதுதான் லூஸ்யாவின் கல்யாணம் ஞாபகம் வந்தது.
ஜூலை. இரவு பதினொன்றுக்கும் வெயில்.
மொத்த ரோலும் நான் எடுத்தது.
மணமகளுக்கு மூக்கில்லை
மாப்பிள்ளைக்கு வாயில்லை
தட்டில் கிடந்த மீன்கூட மாவாய் வெளுத்திருந்தது.
'காப்பா, உன் கை கிரேனுக்குத்தான்' என்று
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பதினெட்டு வருஷம் தொடவில்லை.
ரோதியோன்தான் எடுத்தான், என் தம்பி.
அவன் எடுத்த படத்தில்
கண்ணிமை மயிரை எண்ணலாம்.

மேல்மூடியைக் கழற்றுமுன்பே
குற்றவாளி நிலக்கரித் தூள்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.
இந்த ஊரில் ஜன்னல் விளிம்பு, தலையணை, சூப்பு
எல்லாவற்றிலும் அதுதானே.
இல்லை.
காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் நடுவில்
மயிரிழை போகிற சந்தில்
ஒரு இரும்புச் சிம்பு.
யாரோ திருகு முடுக்கிய அன்றே
உதிர்ந்து விழுந்திருக்கும்.
காந்தம் பிடித்த பிடியை விடவில்லை.

முள்ளை முள்ளால் என்பார்கள்.
தையலூசியை விட்டேன்,
அதையும் இழுத்துக்கொண்டது காந்தம்.
கடைசியில் ஒரு பல்குச்சி,
நுனியில் மென்று துப்பிய சூயிங்கம்.
மூச்சை அடக்கி மூன்று மணிநேரம்.
கண்ணில் விழுந்த தூசியை
நாக்கால் எடுப்பது மாதிரியான வேலை.

வந்தது. காகிதத்தில் வைத்தால் தெரியவே இல்லை,
விரலால் தடவினால் மட்டும் உறுத்தியது.
விளக்கைப் பிடித்தேன்.
முள் கடைசிக்கோட்டில் போய் முட்டிக்
கொஞ்சம் ஆடியது.

ஆக, கொஞ்ச வெளிச்சத்தில்
அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.
நிறைய வந்தபோதுதான்
எட்ட முடியாமல்
எட்டிய மட்டும் சொல்லியிருக்கிறது.
இருட்டில் வாழ்கிற ஊரில்
யார் கண்டுபிடிப்பார்கள்.

ஜனவரியில் சூரியனைப் பார்க்கக்
குன்றின்மேல் ஊரே ஏறியது.
பிளாஸ்க்கில் டீ, நாய்கள், தோளில் பிள்ளைகள்.
முதல் நாள், சில நிமிஷந்தான்.
பனி முழுக்க ஆரஞ்சு.
ரோதியோன் கேமராவை என்னிடமிருந்து வாங்கி
முள்ளைப் பார்த்துவிட்டு
வளையத்தை இரண்டு ஸ்டாப் குறைத்தான்.
'எதற்கு?' என்றேன்.
'வெயிலைக் கண்டால் இந்தக் கழுதை மிரளும்,
ரெண்டு குறைக்கணும். முதல் ரோலிலிருந்தே அப்படித்தான்.
உனக்குத் தெரியாதா?'

தெரியாது.

சட்டைப்பையில் தீப்பெட்டி,
அதற்குள் காகிதம், அதற்குள் அந்தச் சிம்பு.
எடுத்துக் காட்டியிருக்கலாம்.
காட்டவில்லை.
இந்த ஒரு ரோலாவது
இவனுக்கும் கரியாய் வரட்டும்.

'காப்பா, இந்தப் பக்கம் பார்' என்றான்.
பார்த்தேன்.
ஷட்டர் விழுந்த பிறகுதான் உறைத்தது,
அதில் கரியாய் வரப்போவது
என் முகம்.