பச்சைத் தண்ணி

எங்கட ஆக்களுக்குப் பச்சைத் தண்ணி எண்டால்
காய்ச்சாதது, வாளியில மொண்டு
நிண்ட நிலையில குடிக்கிறது.
என்ர பட்டறையில பச்சைத் தண்ணி எண்டால்
நிக்கல்.

சைக்கிள் காண்டில், சைலன்சர்க் குழல்,
அந்தோனியார் கோயில் மெழுகுதிரித் தண்டு:
தோய்ஞ்சு மினுங்கி எழும்பினதுகளை
அலசின தொட்டி மட்டும்
கறுத்தக்கொழும்பான் காய்த் தோல் நிறத்தில மிஞ்சும்.

யதுர்சினி கொண்டு வந்தது ஒரு முழக் குழாய்.
உள்ளுக்குப் பாய் சுருட்டின மாதிரிச் சவ்வு.
"தண்ணி சின்ன ஆள், பூந்திடும்.
நிக்கல் வாசலிலேயே நிண்டிடும்" எண்டாள்.
கொழும்பில நிக்கல் சல்பேற் விலை
மூண்டு தரம் ஏறின வருசம் அது.
கிலோக் கணக்குக்குத்தான் நான் ஓமெண்டனான்,
வேற ஒண்டுக்குமில்லை.

முதல் நாள் முள்ளு எட்டில நிண்டு துடிக்க
வெளியால வந்ததும் பச்சைதான்.
நிமலன் சிரிச்சான்:
"அக்கா, இது வடிக்கேல்லை, வழியனுப்புது."
கழட்டினால் ரப்பர் வளையம் ஒண்டு மடிஞ்சு கிடக்கு.
மாத்திப் பூட்ட, கரண்ட் போச்சு.

மூண்டாம் நாள்தான்
ஒரு குழாயால தடிச்ச பச்சை,
மற்றதால வெறும் தண்ணி.
சொல்லையே நடுவால பிளந்த மாதிரி.
பச்சை திரும்பவும் முலாம் தொட்டிக்கு,
தண்ணி திரும்பவும் அலசிற தொட்டிக்கு,
நிலத்துக்கு ஒரு சொட்டும் இல்லை.
அவள் ஒரு போத்தல் மருந்தில ரெண்டு துளி விட்டாள்.
நிக்கல் இருந்தால் செம்பரத்தைச் சிவப்பு வருமாம்.
வரேல்லை.
நிமலன் ரோல்ஸ் வாங்க ஓடினான்.

போத்தலை அவள் மறந்திட்டுப் போனாள்.

நிலாவரையில போட்ட தேசிக்காய்
கீரிமலையில மிதக்கும் எண்டு சொல்லுவினம்.
சுண்ணாம்புக் கல்லு, கீழ முழுக்க ஓட்டை.
ஒன்பது வருசம்
கொட்டிலுக்குப் பின்னால ஒரு கிடங்கு,
இரவில திறக்கிற குழாய் ஒண்டு.
கோடையில கெதியா உறிஞ்சும், மாரியில சுணங்கும்.
அதெல்லாம் இப்ப எந்தக் கல்லுக்குள்ளால போகுது?
அங்க ஆர் சவ்வு பிடிக்கிறது?

விடியப்புறம் என்ர கிணத்தில ஒரு கிளாஸ் மொண்டு
ரெண்டு துளி விட்டன்.
ரோர்ச் வெளிச்சத்தில
சிவப்பெண்டு சொல்லேலாது.
இல்லையெண்டும் சொல்லேலாது.

பக்கத்து வளவில தவமலர் மோட்டர் போடுற சத்தம்.
தாங்கி நிரம்ப அரை மணித்தியாலம் பிடிக்கும்.
போத்தலைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு
போய்ப் படலையைத் தட்டினன்.