ஏழாவது கட்டம்

சாஸ்திரி பவனில் என் டோக்கன் நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டோடு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.
மின்விசிறிக்குக் கீழே
காங்கோ மாணவன் ஒருவன் வாய் திறந்து தூங்குகிறான்.
படிவத்தை மறுபடி பார்க்கிறேன்.
ஏழாவது கட்டம்:
மூதாதையர் பிறந்த கிராமம், வட்டம், மாவட்டம்.

என்னிடம் இருப்பது ஒரு தாளின் நகல்.
ஈப்போவில் அப்பா
பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தது.
பெயர்: சடையன்.
உயரம்: ஐந்தடி இரண்டங்குலம்.
அடையாளம்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
ஊர்: மெட்ராஸ்.

"மெட்ராஸ் கிராமம் இல்லையே மேடம்."
கவுன்ட்டரில் இருந்தவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.
தாசில்தார் முத்திரை வேண்டுமாம்,
கப்பலேறித் தொண்ணூற்றாறு வருடமான ஆளுக்கு.

வெளியே வந்து
"ஒரு தே" என்றேன்.
கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
டீ, டீ.
வந்த புதிதில் அலுவலகத்தில்
எல்லாரிடமும் "பசியாறிட்டீங்களா" என்று விசாரித்ததில்
எங்கோ பஞ்சம் வந்துவிட்டதாக
ஒருத்தி பயந்தே போனாள்.
எந்தக் காலத்துத் தமிழ்ங்க உங்களோடது?
சடையனோடு போன தமிழ்.
அதற்கும் கடைத்தட்டு டிக்கெட்தான்.

பெருங்குடியில் வீடு பார்க்கப் போனபோது
புரோக்கர் மாடிப்படியிலேயே எச்சரித்தார்:
சொந்த ஊர் கேப்பாங்க.
மலேசியா என்றேன்.
"அது சரிம்மா, அதுக்கு முன்னாடி?"
தெரியாது.
"தஞ்சாவூர்ப் பக்கமா, சேலம் பக்கமா?"
தெரியாது.
"குலதெய்வம்னு ஒண்ணு இருக்குமே?"
தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில்
ஒரு கல் இருந்தது.
செம்பனை நட வந்தவர்கள் பெயர்த்துவிட்டார்கள்.
அதைச் சொல்லவில்லை.
அந்த அம்மாள் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்.
எனக்குக் காகிதக் கப்.
அப்புறம் புரோக்கர் போனை எடுக்கவில்லை.

மூன்றாவது வீட்டில்தான் உறைத்தது,
அவர்கள் கேட்டது ஊரை அல்ல.

அன்று இரவு தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
இத்தனை நாள் அந்தக் குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்,
இரண்டு சொல் கூடுதலாக எழுதினால்
மை தீர்ந்தா போயிருக்கும் என்று.
இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.
ஆவடி முகாம். வரிசை.
"எந்த ஊருடா?"
என் பூட்டன் வாயைத் திறக்கிறான்,
மூடுகிறான்.
பெயரைச் சொன்னால் போதும்,
தெருவின் எந்த முனை என்பதும்
எந்தக் கிணறு என்பதும்
கூடவே கப்பலேறிவிடும்.
"மெட்ராஸ்ங்க."
நாலே இரவு தங்கிய ஊர்.

எனக்கு ஆதாரம் கிடையாது.
குமாஸ்தாவுக்குப் பசித்தும் இருக்கலாம்.

வீடு கடைசியில் ராயபுரத்தில் கிடைத்தது,
ஃப்ளாரன்ஸ் அக்கா வீட்டு மேல்மாடி.
அவர் கேட்டது ஒன்றுதான்:
தண்ணி லாரி வந்தா கொடம் தூக்குவியா?
ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள்.
ராத்திரியில் கப்பல் ஊதும்போதெல்லாம்
யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.
முதலில் எழுந்து உட்காருவேன்.
இப்போது புரண்டு படுத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள்
நகரம் தன் ஊர்களுக்குப் போய்விட்டது.
பஸ் பஸ்ஸாக, கரும்புக் கட்டோடு.
அலுவலகத்து லிஃப்டில் நான் மட்டும்.
மவுண்ட் ரோட்டின் குறுக்கே
ஒரு நாய் அவசரமேயில்லாமல் நடந்து போயிற்று.
யாரும் யாரையும்
எந்த ஊர் என்று கேட்காத மூன்று நாட்கள்.
கேட்பவர்கள் எல்லாரும் அங்கே போயிருந்தார்கள்.

படிவம் மேசைமேல் கிடக்கிறது.
ஏழாவது கட்டத்தில்
அவன் சொன்னதையே எழுதியிருக்கிறேன்,
பேனாவால்.
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

கீழே இருந்து அக்கா குரல்:
"இன்னா, நீ ஊருக்குப் போவலயா?"
"இதான்க்கா ஊரு."
"அப்ப கொடத்த எடு.
லாரி வந்துகினு கீது."