மேற்சொன்ன மூவரும் ஒருவரே

புதுக்கடையில்,
போட்டோகொப்பிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
மின்விசிறிக்குப் பயந்து
ஒவ்வொரு கடதாசிக் கட்டின் மேலும் ஒரு பாரம்:
ஸ்டேப்ளர், தண்ணிப் போத்தல்,
தோல் காய்ந்த ஒரு மாதுளம்பழம்.

சட்டத்தரணி ருஸ்னா பாரூக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்கிறார்:
"இதுல நீங்க யாரு?"

பிறப்பத்தாட்சியில் நான் வதனரூபி.
அடையாள அட்டையில் டபிள்யூவில் தொடங்குகிறேன்.
கடவுச்சீட்டில் யாரோ என்னை நடுவால் வெட்டி
வதன ஒரு பக்கம், ரூபி மறு பக்கம்.
டெக்சஸ் ஆஸ்பத்திரி அனுப்பிய வேலைக் கடிதத்திலோ
நான் மிஸ் கந்தப்பு.
அப்பா இருந்திருந்தால்
மீசைக்குள் சிரித்திருப்பார்.

"சத்தியக் கடதாசி ஒன்னு முடிப்பம்."
தட்டெழுதுகிறார்:
மேற்சொன்ன மூவரும் ஒருவரே.
முத்திரை ஒட்டிச் சத்தியம் செய்தால்
நான் ஒன்றாகிவிடுவேன்.

முன்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்ற்.
அவன் பெயரைப் பற்றிக் கேட்கவேயில்லை.
ஆறு லட்சத்தை எண்ணியபோது
எச்சில் தொட்ட அவன் விரல் மட்டும் ஞாபகம்.
ரசீது தரவில்லை.

ருஸ்னாவோ கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.
பதினாறு வயதிலிருந்து குடியிருந்த எல்லா முகவரிகளும்,
மாதம், வருடம், தபால் குறியீட்டோடு.

எங்கள் வீடு.
பிறகு மாமா வீடு.
பிறகு ஒரு பள்ளிக்கூடம்.
"படிச்ச ஸ்கூலா?"
"இல்லை, படுத்த ஸ்கூல்."
பிறகு ஒரு பனங்காணி, பதினொரு நாள்.
பிறகு முகாம், வலயம் நான்கு,
கூடார இலக்கம் மறந்துபோச்சு.

கட்டம் வெறுமையாய் இருந்தால்
படிவம் அடுத்த பக்கத்துக்கு விடாது.
பனங்காணிக்குத் தபால் குறியீடு தேடி
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
கணினிக்குள் அலைந்தோம்.

அடுத்த கேள்வியை மெதுவாய் வாசித்தார்:
ஆயுதம் ஏந்திய எவருக்கேனும்
எப்போதாவது பொருளுதவி செய்ததுண்டா?

"பொருள் எண்டால்?"
"காசு, சாப்பாடு, மருந்து. எதுவும்."
"தண்ணி கேட்டவைக்குத் தண்ணி குடுத்தனான்.
ஒருத்தன்ர காலுக்குக் கட்டுப் போட்டனான்.
பதினெட்டு வராது அவனுக்கு.
எனக்கும்தான்.
அண்டைக்குத்தான் நேர்ஸ் ஆகோணும் எண்டு நினைச்சது."

பேனா நின்றது.
கீழே இயந்திரம் யாருடையவோ காணி உறுதியை
விடாமல் பிரதியெடுத்துக்கொண்டிருந்தது.
இல்லை என்ற கட்டத்தில் ஒரு சரி போதும்.
ஏஜென்ற் என்றால்
என்னைக் கேட்காமலே போட்டிருப்பான்.

"சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதுவம்," என்றார்.
"ஒரு பக்கம் கூடும். ஒரு வருஷமும் கூடலாம்.
மறுத்தாலும் மறுப்பாங்க.
ஆனா பொய் சொன்னதுக்காக இல்ல."

வருடமா?
எனக்கு அது புதிதல்ல.
முன்னுரிமைத் திகதி என்று ஒன்று இருக்கிறது,
மாதாமாதம் பார்ப்பேன், எறும்பாய் முன்னால் ஊரும்.
சித்திரையில் ஐந்து மாதம் பின்னுக்குப் போனது,
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
திடீரென்று றிவேர்ஸ் எடுத்ததுபோல,
உள்ளே நின்ற நாங்கள்
ஒருவர்மேல் ஒருவர் சரிய.

கையொப்பம் வைக்கும் இடத்தில் தயங்கினேன்.
வியா, டபிள்யூவா?
"தமிழ்ல வைங்க," என்றார்,
"அது மட்டுந்தான் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு."

மீதிக் கட்டணம் இரண்டு தவணையில்.
ஏழு மணிக்கு எனக்கு நைட் டியூட்டி.
பாதிப் படியில் ரசீதை விரித்துப் பார்த்தேன்.
முன்மேசைப் பொடியன் வடிவான கையெழுத்தில்
எழுதியிருக்கிறான்: செல்வி வதனிரூபா.

நாலாவது ஆள்.

திரும்பி மேலே ஏறினேன்.