துவர்

மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தான் எங்கள் சிவப்பை.
இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று ஒரு மெயில்.
நீலம் எட்டிப் பார்க்கிறது என்று அடுத்தது.
பன்னிரண்டாயிரம் டீ-ஷர்ட்டுக்கான துணி
வீரபாண்டிப் பட்டறையில் வெள்ளையாகவே காத்துக் கிடக்க
லெச்சேயிலிருந்து தொனாத்தோ நேரிலேயே வந்து இறங்கினான்,
ரிஜெக்ட் ஆன எங்கள் சாம்பிள் நான்கைச் சுற்றி
பெட்டிக்குள் ஒரு பாட்டிலோடு.

இதுதான் நான் கேட்ட நிறம் என்றான்.

பெயர் நெக்ரோஅமாரோ.
முன்பாதி கருப்பு, பின்பாதி கசப்பு என்று
அவன் ஊரில் பிரித்துச் சொல்வார்களாம்.
கலர் லேபில் பதினாறு வருசம் நின்றவள் நான்,
குடிப்பதற்கு முன் அதை லைட் பாக்ஸில் வைத்தேன்.
பகல் விளக்கில் நாவற்பழத் தோல்.
கடை விளக்கில் சுட்ட செங்கல்.
ஜன்னலோரம் டம்ளரைச் சாய்த்தால்
விளிம்பில் மட்டும் ஆட்டு ஈரல்.
ஏனுங்க, மூணு நிறத்தக் காட்டி
ஒரு நிறம் கேட்டா எப்படிங்க?
இங்கிலீஷில் இதை எப்படிச் சொன்னேனோ,
சிரித்தான்.

ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்.
பள்ளிபாளையம் சிக்கன். மிளகாயைக் கிள்ளிப் போடும்போது
என் வீட்டுக்காரர் நாகமாணிக்கத்துக்கு
எப்போதும் கணக்குத் தவறும்.
ஒரு வாய் கறி, ஒரு வாய் வைன்.
எரிகிற அடுப்பில் சீமெண்ணெய் ஊற்றினாற்போல
குப்பென்று பிடித்தது தொனாத்தோவின் தொண்டையில்.
காது இரண்டும் சிவந்து உட்கார்ந்திருந்தான்.
நல்ல சிவப்பு. எந்த ஷேட் கார்டிலும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம்,
உப்பையும் சோடாவையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுபோல.
கறியில் கிடந்த தேங்காய்ச் சில்லு ஒத்துக்கொண்டது.
தயிர், ஐயோ வேண்டாம்.
எலுமிச்சை ஊறுகாய் பட்டதும்
வைன் தகரமாகிவிட்டது.
சுட்ட கத்திரிக்காயைக் கடைந்து
மேலே செக்கு நல்லெண்ணெய் விட்டிருந்ததை
எங்கள் ஊர் போலவே, எங்கள் ஊர் போலவே என்று
கரண்டியை விடாமல் தின்றான்.
அங்கே குதிரைக் கறியைத் தக்காளியில் வேகவைத்து
இதோடு சாப்பிடுவோம் என்று ஆரம்பித்ததை
மகள் மிதுளாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியாகத்தான் குக்கரைத் திறந்தோம்.
காரம் ஆகாத மிதுளாவுக்கென்று வைத்த அரிசிம்பருப்பு.
ஒரு கரண்டி, நடுவில் குழி, குழியில் நெய்.
தின்றான். குடித்தான்.
பேசாமல் தட்டை மறுபடி நீட்டினான்.

அப்போதுதான் நானும் ஒரு மடக்கு.
ஈறெல்லாம் பிடித்து இழுத்தது
கடுக்காயைக் கடித்த மாதிரி.
டானின் என்றான்.
டானின் எனக்குத் தெரியும் தம்பி,
பருத்தியில் சாயம் நிற்க முன்னெல்லாம்
கடுக்காய்த் தண்ணியில் ஊறப்போடுவார்கள், அதே சரக்கு.
எங்களுக்கு இது துவர்ப்பு.
துவர் என்றால் பழைய தமிழில் சிவப்பும்தான்.
நீ வழித்துக்கொண்டிருக்கிற பருப்புக்கும்
பாதிப் பெயர் அதுவே.
எழுதித் தரச் சொல்லி போனை நீட்டினான்,
நீட்டின வேகத்தில் டம்ளர் சாய்ந்தது.

மேசை விரிப்பு எங்கள் வெள்ளை இன்டர்லாக்.
பதறிப்போய்ச் சோடாத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன்.
கண்ணெதிரே சிவப்பு மங்கி
ஊதாவாகி, சாம்பலாகி...
"நீலம் எட்டிப் பார்க்கிறது" என்றேன்,
அவன் மெயிலின் அதே விறைப்போடு.
வெகுநேரம் சிரித்தோம்.

நாலாவது லேப் டிப்பை அவன் எடுத்துப்போய்
இன்றோடு ஒன்பது நாள். பதில் இல்லை.
மீந்த வைன் ஃப்ரிட்ஜில்
இட்லி மாவுக்குப் பக்கத்தில் போட்டி போட்டுப் புளித்தது.
நேற்று மாணிக்கம் அதை
வெள்ளாட்டு நெஞ்செலும்பில் ஊற்றி வேகவைத்துவிட்டார்.
எலும்பில் ஏறியிருந்தது ஒரு நிறம்.
கழுவி, லேபுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று
சித்த நேரம் யோசித்தேன்.