கால் பங்கு

தக்குவாரெம்போ ஊரில் முப்பது வருடமாக
மற்றவர்களின் கடைசி வார்த்தையைத்
தட்டச்சு செய்து பிழைக்கும் நோட்டரி நான்.

உருகுவேயில் சட்டம் இப்படி:
மூன்று பிள்ளைகள் இருந்தால்
முக்கால் பங்கு அவர்களுக்கு.
கேட்க வேண்டியதில்லை. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.
மிச்சம் கால் மட்டும்
செத்தவர் மனம் போல.

ஆட்கள் எதன் மேல் நிற்கிறார்கள் என்று
அந்தக் காலைப் பார்த்தால் தெரியும்.
ஒருவர் தேவாலயத்துக்கு மணி வாங்கச் சொன்னார்.
ஒருவர் தன் கிழட்டுக் குதிரைக்கு
ஆயுள் முழுக்க ஓட்ஸ் போடச் சொன்னார்;
குதிரை முந்திக்கொண்டது.
பெரும்பாலோர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு
ஒரு பிள்ளையின் பெயரை மட்டும்
தணிந்த குரலில் சொல்வார்கள்.

ஜூலையில், உறைபனி விழுந்த ஒரு காலை
இர்மா ஓலசாபல் வந்தார்.
நானூறு ஹெக்டேர், அறுநூறு ஆடு,
கோட்டெல்லாம் கம்பளி வாசம்.
உட்காரவில்லை.
"டாக்டர் வசந்தம்வரை என்கிறார்.
அவர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்."

கைப்பையிலிருந்து வந்தது பத்திரமல்ல,
எண்ணெய்க் கறை படிந்த கணக்கு நோட்டு.
கணவரின் கையெழுத்து.
அபரிசியோ டெச்சேரா, கூலி, நிலுவை.
நிலுவை.
நிலுவை.
பத்தொன்பது மாதம்.
கம்பளி விலை சரிந்த காலம் அது.
அந்த ஆள் வேலி அடித்தார், கிணறு தூர் வாரினார்,
குட்டி ஈனும் ஆட்டோடு விடிய விடிய விழித்திருந்தார்.
விலை ஏறட்டும், தருகிறேன் என்றார் கணவர்.
விலை ஏறியது.
டிராக்டர் வந்தது.

புரிகிறது, உங்கள் கால் பங்கிலிருந்து
அவருக்கு ஒரு நன்கொடை, என்று ஆரம்பித்தேன்.

"நன்கொடையா?"
அறையில் அடுப்பு அணைந்தது போலிருந்தது.
"கூலி என்று எழுது.
அவர் போய் ஆறு வருடம். மகள் சுல்மா
சால்ட்டோ பேருந்து நிலையத்தில் தரை துடைக்கிறாள்.
அவள் எனக்கு நன்றி சொல்லும்படி
ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது."

கூலி என்றால் கடன்; கடன் என்றால் கணக்கே வேறு.
முதலில் அது கழியும், பிறகுதான் பங்கு.
முக்காலும் இளைக்கும், காலும் இளைக்கும்.
பிள்ளைகள் வழக்குப் போடலாம், என்றேன்.
"போடட்டும். அப்பா கையெழுத்தை
அவருடையதில்லை என்று சொல்லத் தெரிந்தால்."
வட்டி? அதையும் பென்சிலால் போட்டு வைத்திருந்தார்,
ஒரு சதவீதம் கூட்டியே.

சரி, கால் பங்கு அப்படியே நிற்கிறதே?
அப்போதுதான் உட்கார்ந்தார்.
வெளியே யாரோ குளிரில் லாரியைக் கிளப்பிப் பார்த்தார்கள்,
அது இருமி இருமி நின்றது.
"பிள்ளைகளுக்கே எழுது. சமமாக."
நீங்கள் வாய் திறக்காவிட்டாலும்
அது அவர்களுக்குத்தானே போகும், என்றேன்.
"தெரியும். முக்கால் சட்டம் கொடுப்பது,
அதில் எனக்கு வேலையில்லை.
இது நான் கொடுப்பது. எழுது."
ஒரு பக்கம் கூடும், கட்டணமும் கூடும்.
கூடட்டும் என்றார்.

சாட்சிக்கு மூவரைக் கூப்பிட்டேன்.
எதிர்க்கடை ரொட்டிக்காரர் மாவுக் கையோடு வந்தார்;
உயிலின் ஓரத்தில் அந்த வெள்ளை விரல் இன்னும் இருக்கிறது.

டாக்டர் கூட்டித்தான் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் வாசித்தேன்.
மூத்தவர் ரூபன் நோட்டைத் திறந்தார், மூடினார்.
மிர்த்தா வழக்குச் செலவை விசாரித்தாள்,
இரண்டாம் முறை விசாரிக்கவில்லை.
கடைக்குட்டி ஒமெரோ, வயது நாற்பத்தாறு,
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்:
"அம்மா கொடுத்த அந்தக் கால்
நிலத்தில் எந்தப் பக்கம்?"

பிரித்துக் காட்ட முடியாது,
எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது என்று
சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ஏதாவது ஒரு ஆட்டையாவது," என்றார்.