பார்த்தவர்கள்: 1

வழுக்கியது விரல்தான்.
பழவந்தாங்கல் தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்க,
"அப்பா காலையில தவறிட்டாங்க" என்ற வரிக்குக் கீழே
கும்பிடும் கைகள் பதினேழு,
அழும் முகங்கள் ஆறு,
கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் முகம் ஒன்று.
அந்த ஒன்று நான்.

கிண்டியில் இறங்கி, படியேறி, படியிறங்கி,
ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக ஒண்டி,
ஆய்வகத்தில் கையுறை மாட்டி,
பன்னிரண்டு பேருக்கு ரத்தம் எடுத்து முடிக்கும்வரை
சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்
பிலோமினாவின் அப்பா சாவுக்கு.

நீக்கினேன். அழும் முகம் வைத்தேன்.
அது இன்னும் கேவலமாக இருந்தது.
"ஸாரி பிலோ, கை பட்டுடுச்சு."
இரண்டு நீலக் கோடு. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே போயிருக்கலாம்.
குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம்.
போகவில்லை.
மன்னிப்பைத்தான் அனுப்பியாயிற்றே,
போய்ச் சேர்ந்ததற்கு ரசீதும் வந்துவிட்டதே
என்று இருந்துவிட்டேன்.

பதினோரு வருஷம் ஒரே மேசை.
என் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை.
என் முதல் பிரசவத்துக்கு
ஆஸ்பத்திரித் தரையில் பேப்பர் விரித்துப் படுத்தவள்
சைதாப்பேட்டை கிளைக்கு மாற்றல் கேட்டுப் போனாள்.
மிச்சம் இருப்பது ஸ்டேட்டஸ்.

பால் பாக்கெட் மேல் உட்கார்ந்த பூனையை வைப்பேன்.
மகள் வரைந்த, ஆறு கால் உள்ள யானையை வைப்பேன்.
வைத்துவிட்டுப் பட்டியலைத் திறப்பேன்:
கொழுந்தனார், எல்.ஐ.சி. ஏஜென்ட், டியூஷன் மிஸ்,
யாரென்றே தெரியாத "கேஸ் பாய் புது நம்பர்",
நடுவில் எங்காவது
பிலோமினா, காலை 6.52.
சரி, எழுந்துவிட்டாள்.

ஒருநாள் கால் கட்டோடு படம் வைத்தாள்.
"என்னடி ஆச்சு" என்று தட்டினேன், அழித்தேன்,
தட்டினேன், அழித்தேன்.
அவள் பக்கம் "டைப்பிங்" என்று
வந்து வந்து போயிருக்கும்.
அவள் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்.

நேற்று மகளிர் பெட்டி.
பல்லாவரத்தில் ஏறினாள்.
இளைத்திருந்தாள். அது எந்தப் படத்திலும் இல்லை.
இடது காலை லேசாக இழுத்து வந்து
எதிர் வரிசையில் உட்கார்ந்தாள்.
பார்த்தாள். பார்த்தேன்.
இங்கே கோடு எதுவும் விழவில்லை.
தூறல் விழுந்ததும் குடையை விரிப்பதுபோல்
இரண்டு பேரும் போனை எடுத்துக் குனிந்தோம்.

"மூணு இருபது, மூணு இருபது" என்று
கைக்குட்டை விற்பவள் வந்து
சரியாக எங்களுக்கு நடுவில் நின்றாள்.
அவள் நகர்ந்ததும் நிமிர்ந்து,
ஓடும் ஜன்னலைப் படமெடுத்து வைத்தேன்,
எழுத்து எதுவும் போடாமல்.

பார்த்தவர்கள்: 1.

அவள் திரைக்குள் என் ஜன்னல்.
அவள் தலைக்குப் பின்னால் அதே ஜன்னலில்
மீனம்பாக்கம் போய்க்கொண்டிருந்தது.

கிண்டியில் கூட்டம் என்னைத் தள்ளி இறக்கியது.
திரும்பினேன், முதுகுகள்.
நடைபாலத்துப் படியில் போன் அதிர்ந்தது.
குரல் செய்தி. நாலு நொடி.
காதோடு ஒட்டிக் கேட்டேன்.
தண்டவாளம்.
தூரத்தில் "மூணு இருபது".
பேச வாயெடுக்கும்போது இழுக்கிற மாதிரி
ஒரு மூச்சு.
அதோடு முடிந்துவிட்டது.

கை பட்டிருக்கலாம்.
எனக்குத் தெரியாதா, கை படும்.

படியில் நின்றவளை இடித்துக்கொண்டு போனார்கள்.
சைதாப்பேட்டைக்கு அடுத்த வண்டி ஏழு நிமிஷத்தில்.
ஆய்வகத்தில் வெறும் வயிற்றோடு
ஆட்கள் காத்திருப்பார்கள்.

இன்னொரு தடவை கேட்டேன்.